கதவைத் திறப்பதா, உதவித்தொகையை உயர்த்துவதா, வழக்குக் கட்டைக் கைமாற்றுவதா?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று விரியும் பகுதியில் இருபது, முப்பது வழக்கறிஞர்களோடு இயங்கும் நடுத்தர அலுவலகங்கள் பல உண்டு. இவற்றில் சிலவற்றுக்கு இப்போது பெரிய நிறுவனக் கட்சிக்காரர்களிடமிருந்து ஒரு வினாப்பட்டியல் வருகிறது. உங்கள் அலுவலகத்தில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், பங்குதாரர் நிலையில் யார் யார் என்று அது கேட்கிறது. பங்குதாரர்கள் சனிக்கிழமை மதியம் கூடி, எல்லாத் தரப்பினருக்கும் அலுவலகத்தில் இடம் கிடைக்க "ஏதாவது செய்ய வேண்டும்" என்று முடிவெடுத்து, ஒரு தொகையையும் ஒதுக்கிவிட்டுக் கலைகிறார்கள். அந்த "ஏதாவது" எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பேசப்படும் வழிகள் பெரும்பாலும் இவைதாம்: விழிப்புணர்வுப் பயிலரங்கு நடத்துவது, ஆளெடுக்கும் முறையை மாற்றுவது, ஜூனியர்களுக்கு ஒழுங்கான உதவித்தொகை கொடுப்பது, வழக்குகளைப் பங்கிடும் முறையை மாற்றுவது, வேலை நேரத்தை மாற்றுவது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய யாரிடமும் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உதவித்தொகை முதலில், வேலைப் பங்கீடு அடுத்து, ஆளெடுப்பு அதற்குப் பிறகு, பயிலரங்கு கடைசியில். வேலை நேரத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது பங்குதாரர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம், பணத்தால் ஆவதில்லை.

பயிலரங்கை ஏன் கடைசியில் தள்ளுகிறேன் என்றால், அதில் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வருவார், திரையில் படம் காட்டுவார், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும், வினாப்பட்டியலில் ஒரு கட்டத்தில் "ஆம்" என்று எழுதலாம். திங்கட்கிழமை காலை வழக்குக் கட்டுகள் பழையபடியே பிரிக்கப்படும். இதோடு சேர்த்து, உள் புகார்க் குழு அமைப்பதையும் ஒரு முற்போக்கு நடவடிக்கையாகச் சிலர் எழுதிக்கொள்கிறார்கள். அது தெரிவே அல்ல. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. "எங்கள் ஜூனியர்கள் ஊழியர்கள் அல்லர்" என்ற வாதமும் இங்கே நிற்காது. ஊதியம் பெறுபவர், பெறாதவர், பயிற்சியில் இருப்பவர் எல்லோரையும் அந்தச் சட்டம் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லிப் பிழைக்கும் அலுவலகத்தில் இந்தக் குழு இல்லையென்றால் அதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

இனி பணத்துக்கு வருவோம்.

2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. ஆகவே இன்றும் பல சேம்பர்களில் (சீனியர் வழக்கறிஞர்களின் அலுவலகங்களில்) ஜூனியர் என்ன வாங்குகிறார் என்பது சீனியரின் மனநிலையைப் பொறுத்தது. மாதத்தில் ஏதோ ஒரு நாள், வாசலில் செருப்பு மாட்டும்போது, "இந்தா, வைத்துக்கொள்" என்று மடித்த நோட்டுகள் கைக்கு வரும். எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் மாடிப்படி இறங்கும்வரை அது சட்டைப் பையிலேயே இருக்கும். ஆடிக் கழிவு மாதிரி தீபாவளிக்கு ஒரு கூடுதல்.

மூத்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "எங்கள் காலத்தில் பஸ் காசுகூட வாங்கியதில்லை. தொழில் கற்றுக்கொண்டதே கூலி." உண்மைதான். ஆனால் பஸ் காசுகூட வாங்காமல் ஐந்து வருடம் தாக்குப்பிடித்தவர் யார்? சென்னையிலேயே வீடு இருந்தவர், சாப்பாடு போட வீட்டில் சம்பாதிக்கும் ஆள் இருந்தவர். அறந்தாங்கியிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொள்பவர் இரண்டாம் வருடமே ஊருக்குத் திரும்பிவிடுவார், அல்லது ஒரு வங்கியின் வசூல் பிரிவுக்குப் போய்விடுவார். கூலியில்லாத கல்வி என்பது எவர் நிற்கலாம், எவர் போகலாம் என்று தீர்மானிக்கிற சல்லடை. அந்தச் சல்லடையில் யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. ஆனாலும் அது ஏறத்தாழ சாதிப்படியே சலித்துவிடுகிறது.

தொழிலின் நுழைவாயிலிலேயே பணம் தடையாக நின்றதை உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. பல மாநில பார் கவுன்சில்கள் பதிவுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அம்பேத்கரே 1923இல் பம்பாயில் தொழில் தொடங்கியபோது சன்னத் (தொழில் நடத்தும் உரிமம்) எடுக்கப் பணமில்லாமல் நண்பர் நவல் பத்தேனாவின் உதவியால்தான் எடுத்தார். நூறு வருடம் கழித்துப் பதிவுக் கட்டணம் இறங்கியிருக்கிறது. பதிவுக்குப் பிறகு வரும் வறண்ட வருடங்களை நீதிமன்றம் இறக்கித் தராது. அது அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து ஜூனியர்களுக்கு இப்போது 8,000 கொடுக்கும் அலுவலகம் அதை 20,000 ஆக்கினால் மாதம் 60,000, வருடம் 7,20,000 ரூபாய் கூடும். நடுத்தர அலுவலகத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஐந்து பேரை வைத்திருந்த பங்குதாரர் அடுத்த வருடம் மூன்று பேர் போதும் என்பார். வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையும். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் நிலையாக நிற்கக்கூடிய மூன்று இடம், வசதியுள்ளவர் மட்டுமே நிற்கக்கூடிய ஐந்து இடத்தைவிட மேல் என்றே நினைக்கிறேன். தொகையோடு தேதியும் முக்கியம். ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கில், ஒரே நிலையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே தொகை. "அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, இவளுக்கு அப்பா இருக்கிறார்" என்ற கணக்கு உள்ளே நுழைந்துவிட்டால் 20,000 கொடுத்தும் பயனில்லை.

வேலைப் பங்கீடு இதற்கு நேர்மாறு. ஒரு ரூபாய் செலவில்லை, ஆனால் எதிர்ப்பு மிக அதிகம். இது ஏன் முக்கியம் என்பதை ஒரு சாதாரண வேலைநாளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். காலை பத்தரைக்குள் காஸ் லிஸ்ட் எனும் அன்றைய வழக்குப் பட்டியலில் அலுவலகத்தின் வழக்குகள் அடையாளமிடப்பட்டு ஆட்கள் பிரிவார்கள். ஒருவர் முதல் அமர்வில் மென்ஷனிங் செய்வார், அதாவது அவசர வழக்கை எடுத்துக்கொள்ளும்படி நீதிபதியிடம் கேட்பார். ஒருவர் சீனியர் வரும்வரை வழக்கைச் சற்றுத் தள்ளி எடுக்கும்படி பாஸ் ஓவர் கேட்பார். ஒருவர் ஃபைலிங் பிரிவில், குறை சொல்லித் திருப்பப்பட்ட, அதாவது ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து நம்பர் வாங்க நிற்பார். ஒருவர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து எதிர்மனு எழுதுவார். நீதிபதி முகம் பார்த்துப் பழகுகிறவர் முதலாமவர். கட்சிக்காரரின் தொலைபேசி எண் கைக்கு வருவது இரண்டாமவருக்கு. மூன்றாமவருக்கு நீதிமன்ற ஊழியர்களைத் தெரியும். நான்காமவரை அலுவலகத்துக்கு வெளியே யாருக்குமே தெரியாது. ஐந்து வருடம் கழித்து, நான்காமவர் நன்றாக எழுதுவார் என்று எல்லோரும் பாராட்டுவார்கள், பங்குதாரர் ஆக்குவது முதலாமவரை.

நான் பார்த்த அலுவலகங்களில் எதிர்மனு எழுதும் நாற்காலியில் பெண்களும், ரிட்டர்ன் சரிசெய்யும் வரிசையில் முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வந்த இளைஞர்களும் உட்கார்ந்துவிடுவது வழக்கமாக இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. "அந்தப் பெண் அழகாக டிராஃப்ட் செய்வாள்", "அந்தப் பையன் செக்ஷனில் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவான்" என்ற பாராட்டுகளிலேயே அது நடந்துவிடும். குடும்ப நீதிமன்ற வழக்கு என்றால் பெண், இழப்பீட்டு வழக்கு என்றால் இன்னார், நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் என்றால் பங்குதாரரின் மகன்.

இதற்கு ஒரு பதிவேடு போதும். தேதி, வழக்கு எண், யார் ஆஜர், என்ன வேலை (வாய்தாவா, வாதமா, குறுக்கு விசாரணையா), வக்காலத்தில் யார் பெயர். குமாஸ்தா எப்படியும் வாய்தா டைரி எழுதுகிறார். அதில் இரண்டு பத்தி கூட்டினால் ஆயிற்று. மாதக் கடைசியில் பங்குதாரர்கள் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அடுத்த மாதம் கட்டை மாற்றிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2017இல் தொடங்கிய மேன்ஸ்ஃபீல்டு விதி இதே எண்ணத்தின் பெரிய வடிவம். 1869இல் அயோவாவில் அந்நாட்டின் முதல் பெண் வழக்கறிஞராகச் சேர்க்கப்பட்ட அரபெல்லா மேன்ஸ்ஃபீல்டின் பெயரால் அமைந்த அது, தலைமைப் பொறுப்புகளுக்குப் பரிசீலிக்கப்படுவோரில் குறைந்தது 30 விழுக்காட்டினர் இதுவரை ஒதுக்கப்பட்ட பிரிவினராக இருக்க வேண்டும் என்றது. யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, யாரைப் பார்க்காமல் விடக் கூடாது என்று மட்டும் சொன்னது. நம் பதிவேடு அதைவிடக் கீழே, பங்குதாரர் தேர்வுக்குப் பத்து வருடம் முன்னால் வேலை செய்கிறது. அதனால் இதுவே மேல் என்பது என் கட்சி.

அமெரிக்கா பற்றிப் பேசியதால் ஒரு எச்சரிக்கை. அங்கே 2023இல், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற ஹார்வர்டு வழக்குத் தீர்ப்புக்குப் பின், குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டும் என்று பயிற்சி உதவி வைத்திருந்த பெரிய சட்ட நிறுவனங்கள் மீது வழக்கு வந்தது; அவை அந்தத் தகுதி விதியை எல்லோருக்கும் திறந்துவிட்டன. 2025 மார்ச்சில் சம வேலைவாய்ப்பு ஆணையம் 20 சட்ட நிறுவனங்களுக்கு இத்தகைய திட்டங்கள் பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. இதைப் படித்துவிட்டு இங்கே சிலர் "அங்கேயே விட்டுவிட்டார்கள், நமக்கு எதற்கு" என்கிறார்கள். வினாப்பட்டியல் வந்தபோது பதறியவர்களும் இவர்களேதான். இரண்டு முறையும் அயல்நாட்டுக் காற்று அடித்த பக்கம் சாய்ந்ததுதான் மிச்சம். இங்கே சாதி வேறு, சட்டம் வேறு. தனியார் அலுவலகத்தை இடஒதுக்கீடு கட்டுப்படுத்தாது என்பதும், கட்டுப்படுத்தாததால் எதுவும் செய்ய வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

ஆளெடுப்பை மூன்றாவதாக வைத்தது பலருக்கு வியப்பாக இருக்கும். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். கதவைத் திறந்து நான்கு பேரை எடுத்து, காசு கொடுக்காமல், கட்டும் கொடுக்காமல் வைத்திருந்தால் அவர்கள் போய்விடுவார்கள். பிறகு "நாங்கள் எடுத்தோம், அவர்களால் நிற்க முடியவில்லை" என்ற வாக்கியம் அலுவலகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும். திறக்காத கதவைவிட அது மோசம்.

காசும் கட்டும் ஒழுங்கானபின் கதவை எப்படித் திறப்பது? ஜூனியர் சேர்ப்பது இங்கே எப்போதுமே சொல்வாக்கில் நடக்கிறது. "நம் சம்பந்தியின் பிள்ளை" என்பதே விண்ணப்பம். மயிலாப்பூர் கோஷ்டி, எழும்பூர் கோஷ்டி என்று வீட்டு முகவரியால் வழக்கறிஞர்கள் அறியப்பட்ட ஊர் இது. பழக்கம் எளிதில் போகாது. பெயரையும் கல்லூரியையும் மறைத்துத் தேர்வு செய்வது ஒரு வழி. லண்டனின் கிளிஃபோர்டு சான்ஸ் நிறுவனம், நேர்காணல் செய்பவருக்கு விண்ணப்பதாரர் படித்த பல்கலைக்கழகம் தெரியாதபடி செய்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. இங்கே அது எழுத்துத் தேர்வுக்குச் சரி. நேர்காணலில் ஆங்கில உச்சரிப்பே இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எனவே எழுத்துத் தேர்வை வேலையாகவே வைத்துவிடலாம். ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலைக் கொடுத்து, ‘ஷெயார்’ (மேற்படியார்) என்பது யாரைக் குறிக்கிறது, நான்கெல்லை எங்கே முரண்படுகிறது, பட்டா எண்ணும் சர்வே எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டு, தேதிவாரியான நிகழ்வுப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். சொத்து வழக்கு நடத்தும் அலுவலகத்துக்கு இதுதான் வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தில் வெல்வார், பத்திரத்தில் தடுமாறுவார். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி மாணவர் பத்திரத்தைக் கரைத்துக் குடித்திருப்பார், ஆங்கில வாக்கியத்தில் தடுமாறுவார். இரண்டில் எதை ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியும் என்று பங்குதாரர்களே தீர்மானிக்கட்டும். அறிவிப்பை மதுரை, திருச்சி, கோவை, வேலூர், செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அனுப்புவதற்கு அஞ்சல் செலவுகூட இல்லை.

எண்ணிக்கை எடுப்பதா வேண்டாமா என்பது தனித் தகராறு. படிவத்தில் சாதி கேட்பது ஒரு வழி. அதைக் கேட்ட மறுநாள் யார் என்ன எழுதினார்கள் என்ற பேச்சு தேநீர்க் கடை வரை போய்விடும். சிறிய அலுவலகத்தில் ரகசியம் நிற்காது. கேட்காமலே விட்டால் எதுவும் மாறவில்லை என்பதைக் காட்டும் சான்றும் இருக்காது. நடுவில் ஒரு வழி இருக்கிறது: முதல் தலைமுறைப் பட்டதாரியா, குடும்பத்தில் வேறு வழக்கறிஞர் உண்டா, எந்த மாவட்டத்துப் பள்ளி, எந்தப் பயிற்றுமொழி. முதல் தலைமுறைப் பட்டதாரி என்பது தமிழ்நாட்டில் கட்டணச் சலுகைக்காகப் பழகிய வகைப்பாடு, எழுத யாரும் கூச மாட்டார்கள். இது சாதியை முழுதாகக் காட்டாது என்பது குறைதான். நூறு பேருக்கு மேலான நிறுவனம் என்றால் பெயரில்லாத கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கலாம். முப்பது பேரில் வேண்டாம்.

வேலை நேரத்தைப் பற்றிப் பேசாமல் பெண்களைப் பற்றிப் பேசுவது வீண். 2021இல் அன்றைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா, நாட்டின் 17 லட்சம் வழக்கறிஞர்களில் 15 விழுக்காட்டினர்தான் பெண்கள் என்றார். சட்டக் கல்லூரி வகுப்பில் பெண்களைப் பார்க்கிற யாரும் இவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பார்கள். என் பதில், சாயங்கால சேம்பர். நீதிமன்றம் நாலே முக்காலுக்கு எழுந்துவிடும். ஆறு மணிக்குக் கட்சிக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். எட்டரைக்குச் சீனியர் மறுநாள் கட்டைப் பிரிப்பார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் "நாளைக்கு இதை நீயே பார்த்துக்கொள்" என்ற வார்த்தை வரும். கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்து, வீட்டில் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார்.

குழந்தைக் காப்பகம் வைப்பது, வீட்டிலிருந்து வேலை, சேம்பர் நேரத்தை முன்னே இழுப்பது என்று மூன்று யோசனைகள் உண்டு. காப்பகம் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குச் சட்டம் வைத்த கடமை. ஜார்ஜ் டவுன் கட்டடத்தில் அதற்கு இடமும் இல்லை. வீட்டிலிருந்து வேலை கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அதை வாங்கிக்கொண்ட பெண் மனு எழுதும் இயந்திரமாகிவிடுவார். மேலே சொன்ன நான்காவது நாற்காலிதான், இடம் மட்டும் வீடு. வாரத்தில் மூன்று நாள் சேம்பரை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடிப்பது, கட்டுப் பிரிப்பதை மதிய இடைவேளைக்கு மாற்றுவது, இரண்டும் முடியும். சீனியரின் மாலை நடைப்பயிற்சி மட்டும் இடம் மாறும்.

மகப்பேறு விடுப்பில் ஒரு சிக்கல். வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 49ஆம் விதி. அதனால் அலுவலகங்கள் கொடுப்பது சம்பளம் அல்ல, தொழிற்கட்டணம். 26 வார விடுப்புச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்ல இது வசதியாக இருக்கிறது. பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிராமல் அதே 26 வாரத்தை ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது பழைய கட்டுகள் பழைய கைக்கு வர வேண்டும். விடுப்பில் பார்த்துக்கொண்டவர் அவற்றைத் தன்னுடையதாக்கிக்கொள்வதுதான் வழக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான செலவைப் பலரும் பெரிதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தில் செங்குத்தான படிகளை மாற்ற முடியாது என்றால், தரைத்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கலந்தாய்வை அங்கே நடத்தலாம். பார்வையற்ற வழக்கறிஞருக்குத் தடை படிக்கட்டு அல்ல, ஸ்கேன் செய்த கோப்பு. படமாக ஏற்றிய 300 பக்கத் தொகுப்பைத் திரைவாசிப்பு மென்பொருள் வெற்றுத்தாள் என்றே வாசிக்கும். படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி மென்பொருள் வழியாக ஒருமுறை ஓட்டிச் சேமித்தால் தீர்ந்தது. மற்ற எல்லோருக்கும் தேடுவதற்கும் அது உதவும். பார்வையற்றோரை நீதிபதிப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சத்யஸ்ரீ சர்மிளா 2018இல் நாட்டின் முதல் திருநர் வழக்கறிஞராகப் பதிவு செய்ததும் இதே தமிழ்நாட்டு பார் கவுன்சிலில்தான். அடுத்து ஒரு திருநர் வழக்கறிஞர் உங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால், எந்தக் கழிப்பறை என்று அன்றைக்கு யோசிக்கத் தொடங்கக் கூடாது.

கடைசியாக, எல்லா அலுவலகமும் தவிர்க்கப் பார்க்கிற கேள்வி: கட்சிக்காரர் "அந்த அம்மா வேண்டாம் சார், நீங்களே வாருங்கள்" என்றால்? அல்லது ஜூனியரின் ஊரையும் தெருவையும் மெல்ல விசாரித்துவிட்டு, மறுநாள் வேறு ஆள் கேட்டால்? ஒத்துப்போவது, வழக்கையே வேண்டாம் என்பது, சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஜூனியரையே பேச வைப்பது என்று மூன்று வழி. முதலாவதைச் செய்தால் பதிவேட்டையே கிழித்துப் போடலாம். இரண்டாவதை எல்லாக் கட்சிக்காரரிடமும் செய்ய எந்த அலுவலகத்துக்கும் வசதி கிடையாது. ஜூனியரின் தெருவை விசாரிக்கிறவரிடம் மட்டும் செய்ய வேண்டும், அதற்கு வரும் நஷ்டத்தை அந்த வருடச் செலவில் எழுதிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு மூன்றாவது. இரண்டு வாய்தா போனபின், "மேடம் எப்போது வருவார்கள்" என்று கேட்டுக்கொண்டு அதே கட்சிக்காரர் வாசலில் நிற்பது இந்தத் தெருக்களில் புதிதல்ல.